வீட்டு வைஃபை விட்டுவிட்டு வருகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் ஃபைபர் இணைப்பு உள்ள வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. லைன்மேன் சுவரில் மாட்டிவிட்டுப் போகும் பெட்டிக்கு ஓஎன்டி என்று பெயர். ஃபைபரில் வரும் ஒளியை மின் சிக்னலாக மாற்றுவது அதுதான். பல வீடுகளில் வைஃபை ரூட்டரும் அதே பெட்டிக்குள் இருக்கும்; சில வீடுகளில் தனிப் பெட்டி. கீழே ரூட்டர் என்று சொல்லும் இடங்களில், உங்கள் வீட்டில் எது வைஃபை தருகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கோளாறு வைஃபையிலா, வெளி லைனிலா? எப்படித் தெரிந்துகொள்வது?

இதைப் பிரித்துப் பார்க்காமல் ஒரு பொருளும் வாங்காதீர்கள், பிளானையும் மாற்றாதீர்கள். லைனில் கோளாறு இருக்கும்போது புது ரூட்டர் வாங்குவதும், வைஃபையில் கோளாறு இருக்கும்போது பெரிய பிளானுக்குப் போவதும்தான் இந்த விஷயத்தில் வீணாகும் பணத்தில் பெரும் பங்கு.

எளிய சோதனை: ஒரு லேப்டாப்பை லேன் கேபிள் போட்டு நேராக ஓஎன்டியில் செருகி, லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிடுங்கள். வழக்கமாகத் தொல்லை வரும் நேரத்தில் அரை மணி நேரம் அப்படியே பயன்படுத்துங்கள். கேபிளில் ஒழுங்காக ஓடினால் லைன் நன்றாக இருக்கிறது, கோளாறு வைஃபையில். கேபிளிலும் அறுந்தால் லைன், ஓஎன்டி, மின்சாரம் மூன்றில் ஒன்று.

இன்னும் துல்லியமான வழி, ஒரே நேரத்தில் இரண்டு பிங். ஒரு முகவரிக்குச் சின்னச் செய்தி அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பதுதான் பிங். இதை வைஃபையில் இருந்தபடியே செய்ய வேண்டும். விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்டை இரண்டு சன்னலாகத் திறந்து, ஒன்றில் ரூட்டரின் முகவரிக்கும் மற்றதில் 8.8.8.8 என்ற வெளி முகவரிக்கும் (கூகுளுடையது) தொடர்ந்து பிங் ஓடவிடுங்கள். ரூட்டரின் முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, பெட்டிக்கு அடியில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும். போனிலும் இதற்கு இலவச ஆப்கள் உண்டு.

வீடியோ நின்று சுற்றத் தொடங்கியதும் இரண்டு சன்னலையும் பாருங்கள். ரூட்டருக்கான பிங்கே பதில் இல்லாமல் விடுபட்டாலோ, 2, 3 மில்லிவிநாடியில் இருந்தது திடீரென்று 200, 500 என்று எகிறினாலோ, கோளாறு உங்கள் வீட்டுக்குள், வைஃபையில். ரூட்டருக்கு ஒழுங்காகப் போய், 8.8.8.8க்கு மட்டும் அறுந்தால் கோளாறு ரூட்டருக்கு அப்பால். இரண்டும் நன்றாக ஓடியும் இணையதளம் திறக்கவில்லை என்றால், தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸைச் சந்தேகப்படுங்கள். ரூட்டர் அமைப்பில் டிஎன்எஸ் முகவரியாக 1.1.1.1 அல்லது 8.8.8.8 கொடுத்துப் பாருங்கள்.

ஓஎன்டியில் சிவப்பு விளக்கு எரிகிறது. அதற்கு என்ன பொருள்?

எல்ஓஎஸ் (LOS) என்று எழுதிய விளக்கு சிவப்பாக மின்னினால் ஃபைபரில் ஒளியே வரவில்லை, அல்லது போதிய அளவு வரவில்லை. நீங்கள் ரூட்டரில் எந்த அமைப்பை மாற்றியும் பயனில்லை. பான் (PON) என்று எழுதிய விளக்கு நிற்காமல் மின்னிக்கொண்டிருந்தால் ஒளி வருகிறது, ஆனால் எக்ஸ்சேஞ்சில் உள்ள கருவி உங்கள் பெட்டியை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. பான் நிலையாக எரிந்து இன்டர்நெட் விளக்கு மட்டும் சிவப்பாகவோ அணைந்தோ இருந்தால், பெரும்பாலும் லாகின் சிக்கல். பில் கட்டியாயிற்றா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

ஒளியின் அளவை நீங்களே பார்க்கலாம். ஓஎன்டியின் அமைப்புப் பக்கத்தில் (பெட்டியின் முகவரியை பிரவுசரில் அடித்தால் திறப்பது) ஆப்டிகல் தகவல் என்ற பகுதியில் ஆர்எக்ஸ் பவர் (Rx Power) என்று ஓர் எண் இருக்கும். வீடுகளுக்கு வரும் ஜிபான் வகை ஃபைபர் இணைப்பில் அது மைனஸ் 8க்கும் மைனஸ் 27க்கும் இடையில் இருக்க வேண்டும், அலகு டிபிஎம் (dBm). மைனஸுக்குப் பின் வரும் எண் பெரிதாகப் பெரிதாகச் சிக்னல் குறைவு என்று பொருள். மைனஸ் 20 என்றால் நிம்மதி. மைனஸ் 26 என்றால் இன்று ஓடும், நாளை மழையில் நிற்கும். நன்றாக ஓடும் நாளிலேயே இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டால், பிறகு ஒப்பிட வசதி.

எண் குறைவதற்கு வீட்டுக்குள்ளேயே காரணம் இருக்கலாம். மஞ்சள் அல்லது வெள்ளை ஃபைபர் வயரை ஆணியில் மடித்துச் சுற்றியிருப்பார்கள், சோபா காலடியில் நசுங்கியிருக்கும். கண்ணாடி இழை கூர்மையாக வளைந்தால் ஒளி வெளியே கசியும். சுற்றி வைப்பதென்றால் குறைந்தது 6 சென்டிமீட்டர் விட்டமுள்ள வளையமாக விடுங்கள். பச்சை முனையைக் கழற்றினால் அதன் நுனியை விரலால் தொடாதீர்கள். கண்ணுக்கு நேரே பிடித்தும் பார்க்காதீர்கள். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

ஹாலில் நன்றாக இருக்கிறது, படுக்கையறையில் ஒரு கோடுதான். ரூட்டரை எங்கே வைப்பது?

வீட்டு வைஃபைத் தொல்லைகளில் இதுதான் அதிகம், செலவில்லாமல் தீர்வதும் இதுதான். லைன்மேன் வாசல் பக்கத்துச் சுவரில், கேபிள் நுழைந்த இடத்திலேயே மாட்டிவிட்டுப் போவார். அவருக்கு அது எளிது. பாதி சிக்னல் தெருவுக்குப் போகும். உள்ளே ஃபைபர் கேபிளை 10 மீட்டர் நீட்டி வீட்டின் நடுவில் பெட்டியை வைக்கச் சொல்லி, பொருத்தும் அன்றைக்கே கேளுங்கள்.

நம் வீடுகளில் சிக்னலைக் கொல்லுபவை இவை: இரும்பு பீரோ, பெரிய கண்ணாடி, குளிர்சாதனப் பெட்டி, தண்ணீர்த் தொட்டி, கம்பி வைத்த கான்கிரீட் தூண், தளம். உலோகம் அலையைத் திருப்பிவிடும்; தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும். நிலைக்கண்ணாடியின் பின்பூச்சும் உலோகமே. டிவிக்குப் பின்னால் மறைத்து வைப்பது பார்க்க அழகு, சிக்னலுக்குக் கேடு. டிவியின் பின்பக்கம் ஓர் உலோகத் தகடு. தரையில் வைக்காமல் ஆள் உயரத்தில், திறந்த பலகையில் வையுங்கள். பழைய காலத்துத் தடித்த சுவர் வீடுகளில் சுவரை ஊடுருவச் செய்வதைவிட, கதவுகள் வரிசையாக இருக்கும் நேர்கோட்டில் பெட்டியை வைப்பது பலன் தரும்.

கோடுகளை நம்பாதீர்கள், எண்ணைப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் வைஃபை அனலைசர் வகை ஆப் ஒன்று போட்டால் சிக்னல் அளவு டிபிஎம்மில் தெரியும். ஐபோனில் ஏர்போர்ட் யூட்டிலிட்டி ஆப்பின் வைஃபை ஸ்கேனரை செட்டிங்ஸில் இயக்க வேண்டும். மைனஸ் 50 அருமை. மைனஸ் 67 வரை வீடியோ அழைப்பு தடையில்லாமல் ஓடும். மைனஸ் 75இல் செய்தி போகும், வீடியோ திணறும். மைனஸ் 80க்குக் கீழே இணைப்பு இருப்பதுபோல் காட்டும், அவ்வளவுதான். 10 எண் குறைந்தால் சக்தி பத்தில் ஒரு பங்காகிறது, ஆகவே மைனஸ் 60க்கும் 70க்கும் உள்ள வேறுபாடு சின்னதல்ல. அளக்கும்போது ஒவ்வோர் இடத்திலும் அரை நிமிடமாவது நில்லுங்கள். ஆண்ட்ராய்டு 9 முதல், ஆப்கள் 2 நிமிடத்துக்கு 4 முறைதான் ஸ்கேன் செய்ய முடியும். நடந்துகொண்டே பார்த்தால் பழைய அறையின் எண்ணைப் புது அறையில் படிப்பீர்கள்.

ஆண்டெனாவை எந்தப் பக்கம் திருப்புவது?

நுனியை அறையைப் பார்த்து நீட்டக் கூடாது. குச்சி ஆண்டெனாவின் சிக்னல் பக்கவாட்டில்தான் பரவும், நுனி வழியாக மிகக் குறைவு. ஒரே தளம் என்றால் எல்லாவற்றையும் செங்குத்தாக நிறுத்துங்கள். மாடிக்கும் வேண்டுமென்றால் ஒன்றை மட்டும் படுக்க வையுங்கள். ஆண்டெனா எண்ணிக்கை அதிகமாக இருப்பதாலேயே ரூட்டர் நல்லது என்று ஆகிவிடாது.

2.4, 5 என்று இரண்டு பெயர் வருகிறது. எதில் இணைப்பது?

ரூட்டர் இருக்கும் அறையிலும் அடுத்த அறையிலும் 5 கிகாஹெர்ட்ஸ். அதற்கு அப்பால் 2.4. ஐந்து வேகமானது, சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். 2.4 தூரம் போகும், ஆனால் பக்கத்து வீட்டு ரூட்டர்கள், புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே அலைவரிசையில்தான். அடுப்பில் எதையாவது சூடாக்கும்போது மட்டும் நெட் போகிறதென்றால் காரணம் அதுவே. யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க்கை லேப்டாப்பில் செருகியதும் 2.4 தடுமாறுவதும் உண்டு. கேபிளிலிருந்து கிளம்பும் இரைச்சல் அந்த அலைவரிசையில் விழுகிறது.

ஸ்மார்ட் பல்ப், பிளக், மலிவான கேமரா போன்றவற்றில் பல 2.4 மட்டுமே அறியும். இரண்டு பேண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்து அவற்றை இணைக்க முடியவில்லை என்றால், இணைக்கும் நேரத்துக்கு மட்டும் 5ஐ அணைத்து வையுங்கள்.

பகலில் சரியாக இருக்கிறது. ராத்திரி 8 மணிக்கு மேல் ஊர்கிறது. ஏன்?

இரண்டு காரணங்கள் இருக்கலாம், தீர்வு வேறு வேறு. ராத்திரி 9 மணிக்குக் கேபிள் போட்டு வேகம் பாருங்கள். கேபிளிலும் குறைந்தால், உங்கள் பகுதி முழுவதும் பங்கிடும் லைனில் நெரிசல். நிறுவனம்தான் சரிசெய்ய வேண்டும். ரூட்டர் எதுவும் உதவாது. கேபிளில் முழு வேகம், வைஃபையில் மட்டும் குறைவு என்றால் அக்கம்பக்கத்து வைஃபையோடு மோதல். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இது சகஜம்.

ஓர் அலைவரிசைக்குள் இருக்கும் தனித்தனித் தடங்களுக்குச் சேனல் என்று பெயர். 2.4இல் சேனல் 1, 6, 11 மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 3 அல்லது 4 காலியாக இருக்கிறதே என்று அங்கே போனால் இருபக்கமும் இடிபடுவீர்கள். காரணம் இது: ஒரே சேனலில் உள்ள ரூட்டர்கள் ஒன்றையொன்று கேட்டு முறைபோட்டுப் பேசும். பாதி மேல் விழும் சேனலில் உள்ளது புரியாத இரைச்சலாகக் கேட்கும், முறைபோட வழியில்லை. 40 மெகாஹெர்ட்ஸ் அகலம் வைத்தால் இருக்கும் இடத்தில் பாதியை நீங்களே அடைத்து, எல்லோருடைய இரைச்சலையும் வாங்கிக்கொள்வீர்கள்.

5 கிகாஹெர்ட்ஸ் பெயர் சில நேரம் பட்டியலிலிருந்தே மறைந்துவிடுகிறது.

ரூட்டர் 52 முதல் 144 வரையிலான சேனல் ஒன்றைப் பிடித்திருக்கும். அவை ரேடாருடன் பங்கிடும் சேனல்கள். ரேடார் போன்ற சிக்னல் கேட்டால் ரூட்டர் உடனே விலகியாக வேண்டும். அத்தகைய வேறு சேனலுக்குப் போனால் குறைந்தது 60 விநாடி மௌனமாகக் கேட்டுவிட்டுத்தான் தொடங்கலாம். சில பழைய போன்களுக்கும் டிவி ஸ்டிக்குகளுக்கும் இந்தச் சேனல்கள் தெரியவே தெரியாது. தானியங்கித் தேர்வை நிறுத்தி, 36 முதல் 48 வரை அல்லது 149 முதல் 161 வரை ஒன்றை நிலையாக வையுங்கள்.

ரூட்டர் தானாகவே அணைந்து அணைந்து எரிகிறது.

முதல் சந்தேகம் அடாப்டர். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் நாளடைவில் சோர்ந்துவிடும். சும்மா இருக்கும்போது ஓடும். வீட்டில் எல்லோரும் வீடியோ பார்க்கும்போது இழுவை கூடி, மின்னழுத்தம் சரிந்து, பெட்டி மறுபடி தொடங்கும். மல்டிமீட்டரில் வெறும் அடாப்டரை அளந்தால் 12 வோல்ட் சரியாகவே காட்டும், ஏமாந்துவிடாதீர்கள். சுமை ஏறும்போதுதான் சரிவு. மாற்றுவது என்றால் வோல்ட் அதே எண்ணாக இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம், பின்னின் தடிமனும் பிளஸ் மைனஸ் குறியும் பொருந்த வேண்டும். 12 வோல்ட் 2 ஆம்பியர் கேட்கும் பெட்டிக்கு வீட்டில் கிடந்த 1 ஆம்பியர் அடாப்டரைப் போடுவது புதுத் தொல்லையை அழைப்பது.

அடுத்தது, கரண்ட் போய் இன்வெர்ட்டர் பிடிக்கும் இடைவெளி. கண்ணிமைக்கும் நேரம்தான், ஆனால் ஓஎன்டி மறுபடி எழுந்து வர 2, 3 நிமிடம் ஆகும். இதற்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் (கரண்ட் போனாலும் ரூட்டரை ஓடவைக்கும் சின்ன பேட்டரிப் பெட்டி) நல்ல தீர்வு. பெட்டியில் போட்டிருக்கும் 8000 எம்ஏஎச் என்ற எண் 3.7 வோல்ட் கணக்கு. அதாவது சுமார் 30 வாட் மணி. 8 வாட் எடுக்கும் ரூட்டரை இழப்பு போக 3 மணி நேரம் தாங்கும். ஓஎன்டியும் ரூட்டரும் தனித்தனி என்றால் இரண்டின் கணக்கையும் கூட்டுங்கள்.

ஜிபான் ஃபைபரில் தெருவில் உள்ள பிரிப்பான் பெட்டிக்கு மின்சாரம் தேவையில்லை. ஆகவே எக்ஸ்சேஞ்ச் ஓடும்வரை உங்களுக்கும் ஓடும். உள்ளூர் கேபிள்காரர் தெருக் கம்பத்து ஸ்விட்சிலிருந்து லேன் கேபிள் இழுத்துக் கொடுத்திருந்தால் கதை வேறு: அந்த ஸ்விட்சுக்கு பேட்டரி இல்லையென்றால் உங்கள் யூபிஎஸ்ஸால் பயனில்லை.

வெயில் காலத்தில் மட்டும் தகராறு. சூடு காரணமா?

இருக்கலாம். வீட்டு ரூட்டர்களில் பெரும்பாலானவை 40 டிகிரி வரையிலான அறை வெப்பத்துக்கே வடிவமைக்கப்பட்டவை. சித்திரை வெயிலில் மாடி அறையில், மூடிய ஷோகேஸுக்குள், செட்டாப் பாக்ஸ் மேல் அடுக்கி வைத்தால் அதைத் தாண்டிவிடும். காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். துளைகளில் தூசி இருந்தால் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

மழை பெய்தாலே நெட் போகிறது. இடி நேரத்தில் என்ன செய்வது?

மழையில் போவது பெரும்பாலும் வெளியே உள்ள ஜாயிண்ட். மூடியில்லாத பெட்டிக்குள் தண்ணீர் இறங்கும், அல்லது நனைந்து கனத்த கேபிள் காற்றில் ஆடி இணைப்பில் இழுக்கும். மழைக்கு முன்னும் பின்னும் ஆர்எக்ஸ் பவர் எண்ணைக் குறியுங்கள். 3, 4 எண் சரிந்தால் சந்தேகமே வேண்டாம். அணிலும் எலியும் கேபிளைக் கொறிப்பது தனிக் கதை.

ஃபைபர் கண்ணாடி, மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் அடாப்டர் வழியாக மின்னெழுச்சி வரும்; கேபிளோடு ஒட்டி வரும் இரும்புத் தாங்குகம்பி வீட்டுக்குள் வராமல் வெளியிலேயே வெட்டப்பட்டிருக்க வேண்டும். தெருவிலிருந்து லேன் கேபிளே வருகிறதென்றால் அது செம்பு. இடி இடிக்கும் முன்பே அடாப்டரையும் அந்தக் கேபிளையும் கழற்றி வையுங்கள்; சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது.

200 எம்பிபிஎஸ் பிளான். எவ்வளவு முயன்றும் 94தான் வருகிறது.

95க்குச் சற்றுக் கீழே ஒட்டிக்கொண்டு நின்றால், எங்கோ ஓரிடத்தில் இணைப்பு 100இல் நிற்கிறது. ரூட்டரின் போர்ட்டே 100 ஆக இருக்கலாம். சில ஓஎன்டிகளில் ஒரு போர்ட் மட்டும் ஜிகாபிட், மற்றவை 100. அல்லது லேன் கேபிளின் எட்டு இழைகளில் ஒன்று விட்டிருக்கும். 100க்கு நான்கு இழை போதும், 1000க்கு எட்டும் வேண்டும். முனையை வெட்டி மறுபடி கிரிம்ப் செய்யும் வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. கேபிள் வாங்கும்போது முழுச் செம்பு கேட் 5ஈ அல்லது கேட் 6 கேளுங்கள். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியது மலிவு, ஆனால் வளைத்தால் முறியும்.

இன்னொரு குழப்பம்: டவுன்லோடு விநாடிக்கு 12 எம்பி என்று காட்டினால் அது குறைவல்ல. 100 மெகாபிட்டை எட்டால் வகுத்தால் 12.5 மெகாபைட்.

மாடிக்கு ரிப்பீட்டர் போதுமா, மெஷ் வாங்க வேண்டுமா?

கேபிள் இழுக்க முடிந்தால் இரண்டுமே வேண்டாம். வீட்டில் கிடக்கும் பழைய ரூட்டரை மாடியில் வைத்து, கீழிருந்து ஒரு லேன் கேபிள் கொடுங்கள். விலை குறைவான தீர்வு, நம்பகமானதும் இதுவே. பழைய ரூட்டரில் ஆக்சஸ் பாயிண்ட் மோட் (வைஃபை மட்டும் தரும் முறை) இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. இல்லையென்றால் இப்படி: அதன் முகவரியை 192.168.1.2 போல, முதல் ரூட்டரின் வரிசையிலேயே, ஆனால் வேறு எவரும் எடுக்காத எண்ணாக மாற்றுங்கள். கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் டிஹெச்சிபியை (DHCP) அணையுங்கள். கீழிருந்து வரும் கேபிளை வான் (WAN) போர்ட்டில் அல்ல, லேன் போர்ட்டில் செருகுங்கள். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் கீழே உள்ளதேதான். சேனல் மட்டும் வேறு. டிஹெச்சிபியை அணைக்க மறந்தால் இரண்டு பெட்டிகளும் போட்டி போட்டு முகவரி கொடுத்து, சில போன்களுக்கு நெட் வரும், சிலவற்றுக்கு வராது.

ரிப்பீட்டர் ஒரே ரேடியோவில் கேட்டுத் திருப்பிச் சொல்வது. வேகம் ஏறக்குறைய பாதியாகும். அதைச் சிக்னல் இல்லாத அறையில் செருகுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அதுவே நன்றாகக் கேட்க வேண்டுமே. மைனஸ் 65க்கு மேல் சிக்னல் கிடைக்கும் இடைவழியில் வையுங்கள். ஒன்றோடொன்று பேசி ஒரே வைஃபையாக இயங்கும் பல பெட்டிகளின் தொகுப்பான மெஷ்ஷுக்கும் இந்த விதிதான். கான்கிரீட் தளம் குறுக்கே இருந்தால் படிக்கட்டுப் பக்கம் வைத்துப் பாருங்கள், அங்கே திறப்பு இருக்கும்.

வேகச் சோதனையில் எல்லாம் நன்றாகவே காட்டுகிறது. வீடியோ அழைப்பில் மட்டும் குரல் உடைகிறது.

அப்லோடு பக்கம் வரிசை நீண்டிருக்கும். கேமரா காட்சிகளோ போனின் புகைப்பட பேக்கப்போ மேலே ஏறிக்கொண்டிருந்தால், குரல் துணுக்குகள் அதன் பின்னால் காத்துக்கிடக்கும். 8.8.8.8க்கு பிங் ஓடவிட்டு, பெரிய கோப்பு ஒன்றை மேலேற்றிப் பாருங்கள். 20இல் இருந்த பிங் 300ஐத் தொட்டால் இதுதான். ரூட்டரில் க்யூஓஎஸ் (QoS, எதற்கு முன்னுரிமை, எதற்கு வரம்பு என்று வகுக்கும் வசதி) இருந்தால் அப்லோடு வரம்பை அளந்த வேகத்தில் 85 முதல் 90 சதவீதத்துக்குக் கட்டுங்கள். பேக்கப்பை இரவு 1 மணிக்கு மாற்றினாலே பாதித் தொல்லை போய்விடும்.

ஒரே ஒரு போன் மட்டும் இணைய மறுக்கிறது.

அந்த வைஃபையை மறக்கச் செய்து புதிதாக இணையுங்கள். ரூட்டரில் மேக் முகவரி வடிகட்டி (ஒவ்வொரு கருவியின் அடையாள எண்ணையும் பார்த்து அனுமதிப்பது) போட்டிருந்தால், ஆண்ட்ராய்டு 10க்குப் பின்னும் ஐஓஎஸ் 14க்குப் பின்னும் போன்கள் வைஃபைக்கு வைஃபை வேறு மேக் முகவரி காட்டுகின்றன என்பதை நினைவில் வையுங்கள். உங்கள் வீட்டு வைஃபைக்கு மட்டும் அந்த வசதியை அணைக்கலாம். பழைய கருவி என்றால் பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ3இலிருந்து டபிள்யூபிஏ2க்கு மாற்றிப் பாருங்கள்.

ஊசித் துளைக்குள் இருக்கும் ரீசெட் பொத்தானை அழுத்தலாமா?

நீங்கள் கடையில் வாங்கிய ரூட்டர் என்றால், லாகின் விவரம் கையில் இருந்தால், அழுத்தலாம். நிறுவனம் கொடுத்த ஓஎன்டியில் வேண்டாம். நிறுவனத்தின் லைனில் இணையத் தேவையான பிபிபிஓஈ பயனர் பெயர், விலான் எண் எல்லாம் அழிந்துவிடும். லைன்மேன் வரும்வரை இருந்த அரைகுறை நெட்டும் இருக்காது. அணைத்துப் போடுவது வேறு, ரீசெட் வேறு. அணைப்பது என்றால் 30 விநாடி விட்டுப் போடுங்கள்.

புகார் கொடுக்கும்போது என்ன சொன்னால் வேலை நடக்கும்?

‘நெட் ஸ்லோ’ என்று சொன்னால் ‘ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க’ என்பதே பதிலாக வரும். கேபிள் போட்டுப் பார்த்தும் அறுகிறது, இன்ன தேதியில் இன்ன நேரத்தில் அறுந்தது, எல்ஓஎஸ் விளக்கு எரிந்தது, ஆர்எக்ஸ் பவர் மைனஸ் 20இலிருந்து மைனஸ் 27க்கு இறங்கியிருக்கிறது என்று சொல்லுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் லைன்மேனிடம் சொன்னது புகாராகப் பதிவாகாது.

ஆள் வந்ததும், பவர் மீட்டரை வீட்டு முனையிலும் கம்பத்துப் பெட்டியிலும் வைத்து அளக்கச் சொல்லுங்கள். கம்பத்தில் நன்றாக இருந்து வீட்டில் குறைந்தால் இடையில் உள்ள கேபிளை மாற்ற வேண்டும். கம்பத்திலேயே குறைவென்றால் ஜாயிண்டைப் புதிதாக ஸ்ப்லைஸ் செய்ய (இழைகளை மறுபடி இணைக்க) வேண்டும். முனையைத் துடைத்துச் செருகிவிட்டு ‘இப்போ வருது பாருங்க’ என்றால், அவர் கிளம்பும் முன் ஆர்எக்ஸ் பவரை மறுபடி பாருங்கள். எண் ஏறவில்லை என்றால் புகாரை மூடச் சம்மதிக்காதீர்கள். மூடிவிட்டாலும், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் மேல்முறையீட்டுப் பிரிவு உண்டு. அங்கே கேட்கும் முதல் விஷயம் அந்தப் புகார் எண்தான்.